ஒரு படத்துக்கு நாலு குடம்

மொதல்லயே சொல்லிருதேன், தண்ணி எப்படி வந்துச்சு, எதுக்கு வந்துச்சுன்னு என்கிட்டக் கேக்கக் கூடாது, கேட்டாலும் எனக்குத் தெரியாது, தெரிஞ்ச ஒரே ஆளு பியூலாதான், அவகிட்டக் கேட்டாலும் "கேட்டேன்க்கா, வந்துச்சு" என்பாளே தவிர அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டா. நான் ஆவுடையம்மா. செங்குளம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருக்கிற பிளக்ஸ் கடையில, அச்சடிச்சு வர்ற பிளக்ஸை ரீப்பர் மரச் சட்டத்துல இழுத்துப் பிடிச்சு ஆணி அடிக்கிறவ. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, தலைவர் வருகைன்னு இந்த ஊர்ல சிரிச்ச மூஞ்சி அத்தனைக்கும் நாலு மூலையிலயும் ஆணி அடிச்சவ நான்தான். பியூலா அதே கடையில கம்ப்யூட்டர்ல டிசைன் போடுறவ.

அந்த வருஷம் மழை எங்க ஊரு பக்கம் எட்டிப் பாக்கல, அதுக்கு முந்தின வருஷமும் பாக்கல. கொளம் பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்துச்சு, போர்வெல்ல காத்துதான் வந்துச்சு, பஞ்சாயத்துல தண்ணி தொறந்து விடுற பேச்சிமுத்து அண்ணாச்சி வால்வு சாவியத் தோள்ல சாத்திக்கிட்டுத் தெருத்தெருவாப் போயிட்டு வருவாரு, தொறந்து விட ஒண்ணும் இல்லாட்டாலும் ஆளு வேலைக்கு வந்தாச்சுன்னு காட்டணும்லா. எட்டு நாளைக்கு ஒருக்கா லாரி வரும், வந்தா குடத்துக்கு முன்னால மனுஷங்க உருளுவாங்க. எங்க தெருவுல ரெண்டு வீட்டுக்காரங்க பூட்டைப் போட்டுட்டுத் திருப்பூருக்குப் போயிட்டாங்க.

எனக்குக் கவலை வேற. என் மக கோமுவ சங்கரன்கோயில் பக்கம் கட்டிக் குடுத்திருக்கு. ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டாச்சு. தலைப்பிரசவத்துக்குப் பிள்ளையத் தாய் வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும், அதுதான் எங்க மொறை, அவ அப்பா இருந்திருந்தா கார் வச்சுக் கூட்டியாந்திருப்பாரு. நான் தட்டுத் தாம்பாளத்தோட போயி நின்னேன். சம்பந்தியம்மா நல்ல மனுஷிதான், ஆனா மனசுல ஒண்ணு வாயில ஒண்ணு கெடையாது.

"மைனி, தப்பா எடுத்துக்கிடாதிய. கோமுவ அனுப்ப எனக்கு என்ன வருத்தம்? பொறக்கப் போற பிள்ளைக்குத் தல ஊத்தத் தண்ணி இருக்கா உங்க ஊர்ல? அத மட்டும் சொல்லுங்க, இப்பமே அனுப்புதேன்" என்றாவ.

என் வாய்க்கு ஊரே பயப்படும். அன்னைக்கு வெத்தலைத் தட்டைத் திருப்பி எடுத்துக்கிட்டு பஸ் ஏறி வந்துட்டேன். கோமு வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா, வயித்துல கைய வச்சுக்கிட்டு. பஸ்ல வழி முழுக்க அழுதேன்.

இது இப்படி இருக்க, பியூலாவுக்கு ஜாவாஸ்கிரிப்ட்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி மேல கிறுக்கு பிடிச்சுருந்துச்சு. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல ஒரு கையில தயிர்ச் சோறு, மறு கையில போனு, அதுல யாரோ ஒருத்தர் பாடம் நடத்துவாரு, இவ கேட்டுக் கேட்டு கம்ப்யூட்டர்ல அடிப்பா. பிளக்ஸுக்குப் பின்னால போட பூவு, வானம், புறான்னு படம் தேடித் தேடியே பொழுது போயிருதாம், அதனால வார்த்தையை அடிச்சதும் படத்தைத் தானே கொண்டாந்து வரிசையாக் காட்டுத மாதிரி ஒரு வெப் பக்கம் எழுதுதேன்னு சொன்னா. எங்கேருந்துட்டி கொண்டாரும்னு கேட்டேன்.

"ரேஷன் கடை ஜன்னலு இருக்குல்லாக்கா, அது மாதிரி. உள்ள குடோன் பூரா படம். நாம உள்ள போக முடியாது. ஜன்னல்ல நின்னு கார்டைக் காட்டி, இன்னது வேணும்னு கேக்கணும். அந்த ஜன்னலுக்குப் பேரு ஏபிஐ. கார்டு கணக்கா நமக்கு ஒரு சாவி குடுத்திருக்காங்க. ஃபெட்ச்னு ஒண்ணு எழுதினா, அது போயிக் கேட்டு வாங்கிட்டு வரும். வர்ற வரைக்கும் காத்திருக்கணும், பொறுமை இல்லாமப் பாத்தா வெறும் கட்டந்தான் தெரியும். மணிக்கு அம்பது படத்துக்கு மேல கேட்டா ஜன்னலைச் சாத்திருவாங்க."

"குடோனை ரொப்புனது யாரு, கெவருமெண்டா?"

"இல்லக்கா. உலகம் பூரா இருக்கிற ஆளுங்கதான். தாங்க எடுத்த படத்தை, யாருக்கு வேணுமோ எடுத்துக்கிடட்டும்னு சும்மா குடுத்திருக்காங்க."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"கிறுக்குப் பயலுவ" என்றேன். இந்த வாயாலதான் சொன்னேன், மறைக்கல.

ஒரு செவ்வாய்க்கெழமை, புதுமனை புகுவிழா பிளக்ஸுக்கு ஆத்தங்கரை மாதிரி பின்னணி வேணும்னு கேட்டாங்கன்னு, பியூலா தன்னோட பக்கத்துல ஆறுன்னு அடிச்சா. வட்டம் சுத்துச்சு, நின்னுச்சு, பன்னெண்டு படம் வரிசையா வந்துச்சு, மூணாவது படத்தோட கீழ் ஓரத்துலேருந்து தண்ணி சொட்ட ஆரம்பிச்சுச்சு. சொட்டு ஒழுக்காச்சு, ஒழுக்கு கீபோர்டுல விழுந்துச்சு. பியூலா கீபோர்டைத் தூக்கித் துப்பட்டாவுல தொடச்சுக்கிட்டே, "எக்கா, அந்தப் பசை வாளிய இங்கிட்டுத் தள்ளு" என்றா. தள்ளினேன். ரொம்பினதும் குடத்தை வச்சேன். நாலு குடம் ரொம்பினதும் ஒழுக்கு நின்னுபோச்சு, படம் மட்டும் காய்ஞ்சு அப்படியே இருந்துச்சு. ஒரு கை அள்ளிக் குடிச்சுப் பாத்தேன். நல்ல தண்ணி, கொஞ்சம் பாசி வாடை. மறுபடி கேளுட்டி என்றேன்.

கேக்குறதுக்கும் ஒரு பக்குவம் வேணும்னு அந்த ஒரு வாரத்துல படிச்சுக்கிட்டோம். தண்ணின்னு அடிச்சா கண்ணாடி டம்ளர் படம் வரும், ஒரு டம்ளர்தான் கெடைக்கும். அருவின்னு அடிச்சா வர்ற வேகத்துல குடம் தெறிச்சுரும். கடல்னு அடிச்சுத் தொலைச்சு ஒரு நாள் கடையெல்லாம் உப்புத் தண்ணி, ரெண்டு நண்டு. மழைன்னு அடிச்சதுல இடியும் சேந்து வந்து பிளக்ஸ் ரோலு நனைஞ்சதுதான் மிச்சம். கடை மொதலாளி கெட்டிக்காரத்தனமா ஆத்துப் படத்தைப் பென் டிரைவுல எடுத்துட்டுப் போயி வீட்டு டிவியில போட்டுப் பாத்தாரு, சொட்டுக் கூட வரல. எடுத்துப் பதுக்கி வச்சா அது வெறும் படந்தான், அப்பப்பப் போயிக் கேட்டு வாங்கினாத்தான் தண்ணி. அதனால ஆறுன்னு மட்டும் கேக்கணும், ஒரு நேரத்துக்கு ஒரு படம் பெருசா வரணும், அது முடிஞ்சாத்தான் அடுத்ததுன்னு பியூலா மாத்தி எழுதினா. கடை டிவியக் கழட்டிக் கம்ப்யூட்டரோட இணைச்சு இடுப்பு உசரத்துல மாட்டி, கீழ தகரத்தை மடிச்சு ஓடை மாதிரி வச்சோம்.

ஊருக்குச் சொன்னதும் ஊரு வந்துச்சு, குடத்தோட. யாரும் வாயப் பொளந்து நிக்கல, அதுக்கு எங்க நேரம், வரிசையில யாரு முன்னாலங்கிற சண்டைக்கே பொழுது சரியாப் போச்சு. பஞ்சாயத்துக் கூடி, தண்ணி சம்பந்தப்பட்ட வேலைங்கிறதால பேச்சிமுத்து அண்ணாச்சிதான் பட்டன் அமுக்கணும்னு முடிவு பண்ணுனாங்க. அவரு வால்வு சாவியத் தோள்ல சாத்துனபடியே கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து, ஒத்தை வெரலால அமுக்கிட்டு, வட்டம் சுத்தி முடியுற வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு இருப்பாரு. மணிக்கு அம்பது படம், படத்துக்கு நாலு குடம். காலையில வடக்குத் தெரு, மத்தியானம் காலனி, சாயங்காலம் கீழத் தெரு. ஒரு வாரத்துலயே பொம்பளைங்களுக்குத் தண்ணியப் பாத்ததும் பக்குவம் தெரிஞ்சுபோச்சு: பனி மலைப் படத்துத் தண்ணி பல்லுக் கூசும், மோருக்கு ஆகும், பருப்பு வேகாது; மஞ்சளா அகலமா வர்ற ஆறு வண்டல், தெளிய வச்சு மாட்டுக்குக் காட்டணும்; மரம் அடர்ந்து இருட்டா வர்ற ஆத்துல ரசம் வச்சா அமிர்தம். கோயில் பூசாரி, வெளிநாட்டுத் தண்ணியில அபிசேகம் பண்ணலாமான்னு ரெண்டு நாளு யோசிச்சுட்டு, அம்மனுக்குத் தாகம் எடுத்தா ஊரு பாத்தா குடிப்பான்னு சொல்லி எடுத்துட்டுப் போனாரு. சர்ச்சு ஐயரு, பாதிரியார்தான், யோசிக்கவே இல்ல, ஞானஸ்நானத் தொட்டிக்கு மொத ஆளா வந்து வரிசையில நின்னாரு.

நான் ரெண்டு குடம் தண்ணிய அப்படியே வேன்ல ஏத்திச் சங்கரன்கோயிலுக்குக் கொண்டுபோயி சம்பந்தியம்மா நடைவாசல்ல எறக்கி வச்சேன். அவுக மோந்து குடிச்சுப் பாத்தாவ. எங்கேருந்துன்னு கேட்டாவ. கம்ப்யூட்டர்லேருந்துன்னேன். "ஓ" என்றாவ. அன்னைக்கே கோமுவ அனுப்பிட்டாவ, ஆனா வாசல்ல நின்னு ஒண்ணு சொன்னாவ: "பதினோராம் நாளு தல ஊத்துக்கு நான் வருவேன். அன்னைக்குத் தண்ணி இல்லன்னு வச்சுக்கிடுங்க, பிள்ளையையும் தாயையும் நான் வர்ற கார்லயே ஏத்திட்டு வந்துருவேன். மைனிக்கு வருத்தம் இருக்கப்பிடாது."

கோமுவுக்குப் பெரியாஸ்பத்திரியில பொம்பளப் பிள்ள பொறந்துச்சு, சுகப்பிரசவம். மூணா நாளு வீட்டுக்கு வந்துட்டா. என் வீட்டுல தொட்டில் கட்டுனேன். பிள்ளைக்கு அவ அப்பன் நெத்தி, எங்க வீட்டு வாயி, அழுதா மூணு தெருவுக்குக் கேக்கும். அந்தப் பத்து நாளு நான் இருந்த இருப்பை வார்த்தையில சொல்லி மாளாது.

பத்தாம் நாளு காலையில அண்ணாச்சி பட்டனை அமுக்குனாரு, வட்டம் சுத்துச்சு, நின்னுச்சு, கட்டம் வெறுமனே நின்னுச்சு. மறுபடி அமுக்குனாரு. வெறுங்கட்டம். பியூலா ஓடி வந்து பாத்தா. குடோன்காரங்ககிட்ட இருந்து ஒரு கடுதாசி வந்திருந்துச்சு, அதைத் தமிழ்ல படிச்சுச் சொன்னா: "எங்ககிட்டப் படம் வாங்க ஒரே ஒரு விதிதான். படத்துக்குக் கீழ அத எடுத்தவங்க பேரைப் போடணும். உங்க பக்கத்துல ஒரு பேரு கூட இல்ல. அது வர்ற வரைக்கும் உங்க சாவி செல்லாது."

"அடுத்தவன் தப்பு இல்லக்கா, என் தப்பு" என்று பியூலா தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டா. "ஒவ்வொரு படத்தோடயும் எடுத்தவங்க பேரும் சேந்துதான் வந்துச்சு. நான் படத்தோட விலாசத்த மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் கீழ போட்டுட்டேன். எனக்குப் படந்தான வேணும்னு நெனைச்சேன்."

வரிசையில ஒருத்தரு, "முன்ன பின்ன தெரியாதவன் பேரை நாம எதுக்குப் போடணும்?" என்று எகிறினாரு. எனக்கு எங்கேருந்துதான் அப்படிக் கோவம் வந்துச்சோ.

"ஏன், உமக்கு வாயி வலிக்குதோ? அஞ்சு நிமிசம் கார்ல வந்து கையாட்டிட்டுப் போனவருக்கு நன்றி நன்றி நன்றின்னு இருபதடியில போட்டோமே, அதுக்கு ஆணி அடிச்சவ நான்தான? ரெண்டரை மாசமா குடிச்சிருக்கோம், குளிச்சிருக்கோம், அம்மனுக்கு ஊத்திருக்கோம். சும்மா குடுத்தவனைக் கிறுக்குப் பயன்னு நானே சொன்னேன். ஒருத்தன் பேரு தெரியுமா நமக்கு? ஒரே ஒருத்தன் பேரு?"

அண்ணாச்சிதான் மெதுவாக் கேட்டாரு, கீழ போட்ட பேரையெல்லாம் பெறக்க முடியுமான்னு. பியூலா நிமிந்தா. வந்த பதிலையெல்லாம் கம்ப்யூட்டர் ஒரு ஓரமா ஒதுக்கி வச்சிருக்கும், பாக்குதேன்னா. மத்தியானத்துக்குள்ள பெறக்கிட்டா. ஆயிரத்து முன்னூத்தி நாப்பது பேரு. படத்துக்குக் கீழ பேரு வர்ற மாதிரி ஒத்தை வரியச் சேத்துட்டு, அந்தப் பேரையெல்லாம் தமிழ்ல எழுதினோம், அவ வாசிக்க, பள்ளிக்கூட டீச்சர் எழுதன்னு. சில பேரு நாக்குலயே நிக்கல. ஒசாஸ்னு ஒருத்தரு, தகேஷின்னு ஒருத்தரு, ஒரே பேருல ஏழு மரியா. பத்துக்கு இருபது அடியில பிளக்ஸ் அடிச்சோம். மேல நன்றின்னு ஒரு வார்த்தை, கீழ பூராம் பேரு. என் ஆயுசுல மூஞ்சியே இல்லாத பிளக்ஸுக்கு ஆணி அடிச்சது அன்னைக்குத்தான். ஒரு பேரு மேலயும் ஆணி பட்டுறக் கூடாதுன்னு ஓரத்தை ரெண்டு வெரக்கடை கூட விட்டு மடிச்சேன்.

பொழுது சாயுறதுக்குள்ள பஸ் ஸ்டாண்டுல நிறுத்தி, ஊரு கூடி நிக்க, அண்ணாச்சி ஒரு முனையிலேருந்து சத்தம் போட்டு வாசிச்சாரு. ஒவ்வொரு பேருக்கும் சனங்க திருப்பிச் சொன்னாங்க. நடுவுல நிறுத்தி, "பாவம், அங்கன அம்புட்டுப் பேருக்கும் இப்பப் புரையேறிக்கிட்டு இருக்கும், யாரு நெனைக்கான்னு தெரியாம முழிப்பாங்க" என்றாரு, எல்லாரும் சிரிச்சாங்க. பியூலா அதைப் படம் பிடிச்சு, பக்கத்தைச் சரி பண்ணிட்டேன், மன்னிக்கணும்னு எழுதி அனுப்பினா. அன்னைக்கு வீட்டுல ஒரு செம்புத் தண்ணிதான் இருந்துச்சு, கோமு குடிக்கன்னு மூடி வச்சேன்.

மறுநாள் காலை ஒம்போது மணிக்கே சம்பந்தியம்மா கார்ல வந்து எறங்கிட்டாவ. பிள்ளையப் பாத்தாவ, மடியில வச்சுக் கொஞ்சுனாவ, அப்பறம் அடுப்பங்கரையில கவுத்தி வச்சிருந்த அண்டாவையும் பாத்தாவ. கார்க்காரரை இருக்கச் சொன்னாவ. கோமு என்னையப் பாத்தா. "வாங்க மைனி, கடை வரைக்கும் போயிட்டு வருவோம்" என்று நான் குடத்தை எடுத்து இடுப்புல வச்சேன்.

அண்ணாச்சி பட்டனை அமுக்குனாரு. வட்டம் சுத்துச்சு. கண்ணை மூடிக்கிட்டாரு. நானும் மூடிக்கிட்டேன். பியூலா, "பேரு வந்துருச்சு" என்று கத்துனா. எழுத்து லேசு, மொதல்ல வந்துரும், படம் கனம், பின்னாலதான் வரும்னு அவ பொறவு சொன்னா. வெறுங்கட்டத்துக்குக் கீழ ஒரு வரி மட்டும் நின்னுச்சு. இங்கிரிட் ஹாலன். அண்ணாச்சி வாசிச்சாரு, ஊரு திருப்பிச் சொல்லுச்சு, சம்பந்தியம்மா யாரு என்னன்னு கேக்காம, கையக் கூப்பிக்கிட்டு, ஒருக்காத் தப்பாவும் ஒருக்காச் சரியாவும் சொன்னாவ. அதுக்கு அப்பறம் மெதுவா படம் வந்துச்சு, கல்லுக்கு நடுவுல ஒரு சின்ன ஆறு, கரையில லேசாப் பனி. தகர ஓடையில தண்ணி விழுந்த சத்தத்தைக் கேட்டதும் நான் அந்த இடத்துலயே உக்காந்து ஓன்னு அழுதுட்டேன், வெக்கமே படல. சம்பந்தியம்மா குடத்தைப் பிடிச்சு இடுப்புல ஏத்திக்கிட்டு, "ஏந்திரிங்க மைனி, பிள்ளைக்கு வெந்நி போடணும், ஐஸா இருக்கு" என்றாவ. கார்க்காரரைப் போகச் சொல்லிட்டு, அவுகளும் அஞ்சு நாளு என் வீட்டுலயே தங்கிட்டாவ. பிள்ளைக்கு அவுக குலதெய்வம் பேருதான் வச்சிருக்கு, ஆனா எங்க தெருவுல கூப்பிடுறது இங்கிரின்னுதான்.

ஐப்பசியில மழை வந்துச்சு, விட்டு விட்டு இல்ல, விடாம. கொளம் ரொம்பி மறுகால் பாஞ்சுச்சு. அன்னைக்கோட டிவியில தண்ணி வர்றதும் நின்னுபோச்சு, ஆறுன்னு கேட்டா காய்ஞ்ச படம் வந்துச்சு, பேரோட. அண்ணாச்சி வால்வு சாவியத் தூக்கிக்கிட்டுத் தன் வேலையப் பாக்கப் போயிட்டாரு. பஸ் ஸ்டாண்டு பிளக்ஸை மட்டும் யாரும் கழட்ட விடல, பொழுது போகலன்னா நின்னு ரெண்டு பேரைப் படிச்சுட்டுத்தான் பஸ் ஏறுவாங்க.

நான் ஒரு நாள் விடியக்காலையில கொளத்தங்கரைக்குப் போயி, கரை வரைக்கும் நெறைஞ்சு கெடந்த தண்ணியப் போன்ல ஒரு படம் எடுத்தேன். ஓரத்துல இங்கிரியோட துணி ரெண்டு காயுது, அதுவும் விழுந்துருச்சு. கடைக்கு வந்து, "இதைக் குடோன்ல சேத்துருட்டி" என்று பியூலாகிட்டக் குடுத்தேன்.

"யாருக்குன்னு போடக்கா?"

"யாருக்கு வேணுமோ அவங்களுக்கு."

"பேரு?"

"ஆவுடையம்மா, செங்குளம்னு போடு. சும்மான்னும் போடு."

நாலு மாசம் கழிச்சு, ஒரு நாள் காலையில ஆறேகால் மணி இருக்கும், பழைய சோறு ஒரு வாயி வச்சேன், புரையேறிருச்சு. கோமு அப்ப இங்கதான் வந்திருந்தா, என் உச்சியில தட்டி, "யாரோ நெனைக்காங்கம்மா" என்றா. மறுநாளும் ஆறேகாலுக்குப் புரையேறுச்சு. அதுக்கு மறுநாளும். எந்த ஊரோ, என்ன பஞ்சமோ, எவ இடுப்புல எந்தப் பிள்ளையோ, என் பேரை எப்படி இழுத்து எப்படி ஒடிச்சுச் சொல்லுதாங்களோ, தெரியல. நல்லா இருக்கட்டும்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டுத்தான் ரெண்டாவது வாயி வைப்பேன்.

போன வாரம் பேச்சிமுத்து அண்ணாச்சி கடைக்கு வந்து, கொளத்துல தெனமும் காலையில ஆறேகாலுக்குக் கரையோரம் தண்ணி லேசா எறங்குது, அளந்து பாத்தா சரியா நாலு குடம் வருதுன்னு சொன்னாரு. பஞ்சாயத்துல சொல்லணுமான்னு கேட்டாரு.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றேன். "நாலு குடந்தான, எடுத்துக்கிடட்டும்."